தலைப்பு முதலில், பாடம் அப்புறம்: முனைவர் பட்டமும் கோர்ஸ் ஒர்க்கும்

முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்த முதல் வருடம் நான் மூன்று தாள் எழுதினேன். முதல் தாள் ஆய்வு நெறிமுறைகள், எல்லோருக்கும் பொது. இரண்டாவது இலக்கியத் திறனாய்வு. மூன்றாவது தாளுக்குப் பாடத்திட்டம் கிடையாது. அவரவர் ஆய்வுத் தலைப்பை ஒட்டி, ஆய்வை வழிநடத்தும் நெறியாளரே வகுத்துக் கொடுக்க வேண்டும். என் நெறியாளர் நல்ல மனிதர். ஆனால் அந்த மாதம் அவர் மேசையில் நான்கு விடைத்தாள் கட்டுகள் திருத்தக் கிடந்தன. "நீயே அஞ்சு யூனிட்டாப் போட்டு எடுத்துட்டு வா, பார்த்துக் கையெழுத்துப் போடறேன்" என்றார்.

அன்று ராத்திரியே போட்டேன். ஆய்வேட்டுக்கு நான் மனதில் வைத்திருந்த இயல்கள் ஐந்து. அவையே அலகு 1 முதல் அலகு 5 வரை ஆயின. பார்வை நூல்கள் என்ற இடத்தில் என் அலமாரியில் இருந்த புத்தகங்களின் பெயரை எழுதினேன். சில மாதம் கழித்துத் தேர்வறையில் உட்கார்ந்து, நானே வகுத்த பாடத்திட்டத்தில், எனக்கு ஏற்கெனவே தெரிந்ததை 32 பக்கம் எழுதினேன். நல்ல மதிப்பெண் வந்தது. அந்தத் தாளில் புதிதாக எதைக் கற்றேன் என்று இன்று யாராவது கேட்டால் விழிப்பேன்.

முதல் வருடத்தில் எழுதவேண்டிய இந்தத் தாள்களுக்குத் தமிழ்த்துறைகளில்கூடக் கோர்ஸ் ஒர்க் என்றுதான் பெயர். "கோர்ஸ் ஒர்க் முடிச்சாச்சா?" என்று சீனியர்கள் கேட்பது, தடுப்பூசி போட்டாச்சா என்று கேட்கிற தொனியில் இருக்கும். போட்டுக்கொண்டால் சரி, அதைப் பற்றி மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. ஆனால் உலகத்தில் வேறு சில இடங்களில் முனைவர் படிப்பின் பாதி வாழ்க்கையே இந்த வகுப்புகள்தான். ஒரே பெயரில் இரண்டு இடத்தில் இரண்டு விதமான காரியம் நடக்கிறது. ஏன் என்று பார்க்கக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

இன்று நாம் அறிந்த ஆய்வுப் பட்டத்தின் ஊற்று ஜெர்மனி. 1810இல் தொடங்கிய பெர்லின் பல்கலைக்கழகத்தில், பேராசிரியரின் வேலை பாடம் சொல்வது மட்டுமல்ல, புதிதாகக் கண்டுபிடிப்பதும்தான் என்ற எண்ணம் வேரூன்றியது. வரலாற்றாசிரியர் லியோபோல்ட் வான் ராங்கே தேர்ந்த சில மாணவர்களை வீட்டுக்கு அழைத்து, பழைய ஆவணம் ஒன்றை நடுவில் வைத்து வரிவரியாக விசாரிப்பார். இதை எழுதியவன் யார், அவனுக்கு இது எப்படித் தெரியும், எதை மறைக்கிறான்? செமினார் என்ற சொல்லுக்கு அங்கே அதுதான் பொருள். நம் ஊரில் செமினார் என்றால் பேனர், நினைவுப்பரிசு, மதியம் பிரியாணி. சொல் கடல் தாண்டி வந்தது, காரியம் அங்கேயே நின்றுவிட்டது.

அமெரிக்கர்கள் ஜெர்மனிக்குப் போய்ப் படித்துத் திரும்பி, அதைத் தங்கள் ஊரில் நட்டார்கள். அமெரிக்காவின் முதல் பிஎச்.டி. பட்டங்களை 1861இல் யேல் வழங்கியது, மூன்று பேருக்கு. அதில் ஒருவர் ஜேம்ஸ் மோரிஸ் ஒயிட்டன், செவ்வியல் மொழி மாணவர். வாழ்க்கை குறுகியது, கலை நெடியது என்ற பழமொழியைப் பற்றி லத்தீனில் அவர் கையால் எழுதிக்கொடுத்த ஆய்வேடு மொத்தம் ஆறு பக்கம். இன்று நம் ஆய்வேடுகளில் நன்றியுரையே சில சமயம் அவ்வளவு வரும். 1876இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் தொடங்கியபோது செமினார் முறை அங்கே நிலைத்தது. அமெரிக்காவில் இளநிலைப் பட்டம் பரந்துபட்டது; நான்கு வருடத்தில் வரலாறும் படிப்பார்கள், உயிரியலும் படிப்பார்கள். ஒரு துறையின் உள்ளே முழுசாக இறங்கியிருக்க மாட்டார்கள். ஆகவே ஆய்வுக்கு வருகிறவரை முதலில் உட்காரவைத்துக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. கோர்ஸ் ஒர்க்கின் தேவை அங்கிருந்துதான் வந்தது.

பிரிட்டன் நீண்ட நாள் பிஎச்.டி.யைக் கண்டுகொள்ளவே இல்லை. ஆக்ஸ்போர்டு அதைத் தொடங்க முடிவெடுத்தது 1917இல். முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது, ஜெர்மனிக்குப் போய்க்கொண்டிருந்த அமெரிக்க மாணவர்களைத் தன் பக்கம் இழுக்கலாம் என்ற கணக்கும் அதில் உண்டு. ஆனால் பிரிட்டிஷ் இளநிலைப் பட்டம் ஒரே பாடத்தில் ஆழமாகப் போவது. மாணவர் ஏற்கெனவே தயார் என்பது அங்கே எடுத்துக்கொண்ட நிலை. எனவே வகுப்பு கிடையாது, தாள் கிடையாது. ஒரு தலைப்பு, ஒரு நெறியாளர், மூன்று வருடம், ஓர் ஆய்வேடு. நமக்கு வந்தது இந்த முறை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் மு. வரதராசன் 1948இல் சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றி எழுதி முனைவரானது இந்த வழியில்தான்.

இந்த முறையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஈழத்துத் திறனாய்வாளர்கள் கைலாசபதியும் சிவத்தம்பியும் பர்மிங்காம் பல்கலைக்கழகத்துக்குப் போய், கிரேக்கப் பேராசிரியர் ஜார்ஜ் தாம்சனிடம் ஆய்வு செய்தார்கள். ஒருவர் தமிழ் வீரயுகப் பாடல்களை ஹோமரோடு வைத்துப் பார்த்தார், மற்றவர் பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகத்தை எடுத்துக்கொண்டார். தாம்சனுக்குக் கிரேக்கமும் மார்க்சியமும் கரைகண்ட பாடம். சங்கப் பாடலைக் கொண்டுபோனவர்கள் மாணவர்கள். இரண்டு பக்கமும் சரக்கு இருந்தால் இடையில் வகுப்பறை தேவையே இல்லை. ஒரு பக்கம் காலியாக இருந்தால்தான் சிக்கல். அப்போது மாணவருக்கு வேறு போக்கிடமே இருக்காது.

ஏறக்குறைய அதே காலத்தில், சங்கப் பாடல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ஏ.கே. ராமானுஜன் அமெரிக்க வழியில் போனார். கல்லூரிகளில் ஆங்கிலம் கற்பித்துப் பல வருட அனுபவம் இருந்தவர், 1959இல் அமெரிக்கா போய், முப்பது வயதில் மறுபடி மாணவராகி, இண்டியானா பல்கலைக்கழகத்தில் மொழியியல் படித்து 1963இல் பட்டம் பெற்றார். ஆங்கில இலக்கியத்திலிருந்து மொழியியலுக்குத் தாவ வழிவிட்டது அங்கிருந்த முறை. வா, உட்கார், முதலிலிருந்து படி, அப்புறம் எதை ஆய்வு செய்வது என்று பார்க்கலாம் என்றது. நம் ஊரில் அன்றும் சரி இன்றும் சரி, எம்.ஏ. ஆங்கிலம் படித்தவர் மொழியியலில் பதிவு செய்யப் போனால் அலுவலகத்தில் முதலில் கேட்பது தகுதிச் சான்றிதழ்.

அமெரிக்க முறையில் முதல் இரண்டு, மூன்று வருடம் எப்படிப் போகும் என்று சொன்னால்தான் வித்தியாசம் விளங்கும். ஒரு பருவத்துக்கு மூன்று வகுப்பு என்பது பொதுவான கணக்கு. ஒவ்வொன்றும் வாரத்தில் ஒருநாள், இரண்டரை அல்லது மூன்று மணி நேரம். எட்டுப் பத்துப் பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். அந்த வாரத்துக்கு ஒரு முழுப் புத்தகமோ நான்கைந்து கட்டுரைகளோ எல்லோரும் படித்துவிட்டு வந்திருக்க வேண்டும். பேராசிரியர் அதிகம் பேச மாட்டார். பருவ முடிவில் தேர்வு கிடையாது; 20, 25 பக்கக் கட்டுரை ஒன்று. அந்தக் கட்டுரை, மாணவர் வருங்காலத்தில் எழுதப்போகும் ஆய்வேட்டோடு தொடர்புள்ளதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சோழர் கல்வெட்டு பற்றி ஆய்வு செய்ய வந்தவர் மெக்சிகோவின் நிலவரி பற்றி ஒரு கட்டுரை எழுதலாம். எழுதினால், தன் கல்வெட்டை வேறு கண்ணோடு பார்ப்பார்.

வகுப்புகள் முடிந்ததும் விரிவுத் தேர்வு. மூன்று புலங்களைத் தேர்ந்துகொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நீண்ட வாசிப்புப் பட்டியல். அதைப் படித்து முடித்து எழுத்துத் தேர்வு, பேராசிரியர் குழுவின் முன் வாய்மொழித் தேர்வு. இடையில், ஆய்வுக்கு வேண்டிய பிறமொழிகளில் படிக்கத் தெரியும் என்று காட்டும் தேர்வு வேறு. இதெல்லாம் தாண்டிய பிறகுதான் ஆய்வுத் திட்டம் எழுதித் தலைப்பை உறுதிசெய்கிறார்கள். அதாவது மூன்றாவது வருடத்திலோ நான்காவது வருடத்திலோதான் தலைப்பு பிறக்கிறது.

இதற்கு விலையும் உண்டு. மொழி, வரலாறு, மெய்யியல் போன்ற கலைப்புலத் துறைகளில் அங்கே பட்டம் வாங்க ஏழாண்டு ஆவது சாதாரணம். எல்லாம் முடித்து ஆய்வேடு மட்டும் பாக்கி என்ற நிலையில் வருடக்கணக்காக நிற்பவர்களைக் குறிக்க ஒரு சுருக்கெழுத்தே இருக்கிறது: ஏ.பி.டி. அந்த மூன்றெழுத்தோடு நாற்பது வயதைத் தொட்டவர்கள் நிறையப் பேர். கைக்காசு கரையும், இளங்கலை மாணவர்களின் விடைத்தாளைத் திருத்தியே கண் போகும், முடித்தபிறகு வேலையும் நிச்சயமில்லை. இந்த முறையைப் பொற்காலமாக வர்ணிப்பவர்கள் அங்கே படிக்காதவர்களாகத்தான் இருப்பார்கள்.

இனி நம் ஊருக்கு வருவோம். 2009க்கு முன்னால் இங்கே கோர்ஸ் ஒர்க் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. டெல்லியில் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம் எம்.ஃபில். (முனைவர் பட்டத்துக்கு முந்தைய சிறு ஆய்வுப் பட்டம்), பிஎச்.டி. இரண்டையும் ஒரே தொடராக வைத்து, முதல் கட்டத்தில் வகுப்பும் செமினார் கட்டுரையுமாக நடத்தியது. தமிழ்நாட்டில் அந்த வேலையை எம்.ஃபில். செய்தது: மூன்று தாள், அப்புறம் நூறு நூற்றைம்பது பக்கத்தில் ஒரு சிறு ஆய்வேடு. ஒரு வருடம்தான். ஆனால் அந்த ஒரு வருடத்தில் அடிக்குறிப்பு எழுதப் பழகுவோம், சொந்தமாக ஒரு வாதத்தை வைத்துத் தடுக்கிவிழுவோம். அந்தச் சிறு ஏட்டை இன்று எடுத்துப் படித்தால் கூசும். கூசுவதற்கு ஒன்று இருந்தது என்பதே லாபம்.

2009இல் பல்கலைக்கழக மானியக் குழு, முனைவர் பட்டத்துக்கான குறைந்தபட்சத் தரம் பற்றி விதிகளைக் கொண்டுவந்தது. நுழைவுத் தேர்வு, ஒரு பருவ கோர்ஸ் ஒர்க், வெளித் தேர்வாளர்கள், பொது வாய்மொழித் தேர்வு எல்லாம் நாடு முழுக்கக் கட்டாயமாயின. அதோடு இன்னொரு முடிச்சும் இருந்தது. இந்த விதிப்படி பட்டம் பெற்றவருக்கு உதவிப் பேராசிரியர் வேலைக்கான நெட் என்ற தேசியத் தகுதித் தேர்விலிருந்து விலக்கு. ஆகவே "2009 ரெகுலேஷன்படி" என்று பதிவாளர் கையெழுத்திட்ட சான்றிதழ் பட்டத்துக்குச் சமமான சொத்தாகிவிட்டது. அதில் கோர்ஸ் ஒர்க்கும் ஒரு வரி. கற்பதற்காக வந்த ஏற்பாடு, நேர்காணலுக்குக் கொண்டுபோகும் கோப்பில் ஒரு தாளாக மாறியது இப்படித்தான்.

2016இல் விதிகள் மாறின: கோர்ஸ் ஒர்க்குக்குக் குறைந்தது 8 கிரெடிட் (வகுப்பு நேரத்தை அளக்கும் அலகு), அதிகபட்சம் 16. மறுபடி 2022 நவம்பரில் மாறின. இப்போது குறைந்தது 12 கிரெடிட். அதில் ஆய்வு நெறிமுறைகளும், 2019இல் கட்டாயமாக்கப்பட்ட ஆய்வு மற்றும் வெளியீட்டு அறம் என்ற 2 கிரெடிட் பாடமும் அடக்கம். தேற 55 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு வருடம், மேற்கொண்டு இரண்டு வருடம் நீட்டிப்பு. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கூடுதலாக இன்னும் இரண்டு வருடம். ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முன் இதழில் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயம் போய்விட்டது. காசு வாங்கிக்கொண்டு கட்டுரை போடும் இதழ்களுக்கு அந்தக் கட்டாயம் எவ்வளவு சோறு போட்டது என்று தெரிந்தவர்கள் யாரும் இதற்கு வருந்தவில்லை.

2022 விதிகளில் பெரிய விஷயம் இரண்டு. ஒன்று, எம்.ஃபில். நிறுத்தப்பட்டது. இரண்டு, நான்காண்டு இளநிலைப் பட்டத்தில் 75 விழுக்காடு எடுத்தவர் எம்.ஏ. படிக்காமலே நேரே முனைவர் படிப்பில் சேரலாம். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். மாணவர் வருவது அமெரிக்காவில் வருவது மாதிரி, இளநிலைப் பட்டத்தோடு. அவருக்குக் கிடைப்பது பிரிட்டிஷ் முறை மாதிரி, நெறியாளரும் தலைப்பும். நடுவில் கற்றுக்கொடுக்க மிஞ்சியிருப்பது 12 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 15 மணி நேர வகுப்பு என்று வைத்தால் மொத்தம் 180 மணி நேரம். அமெரிக்கக் கணக்கில் இது ஏறக்குறைய ஒன்றரைப் பருவம்தான். தமிழ்நாட்டின் மாநிலப் பல்கலைக்கழகங்களில் மூன்றாண்டுப் பட்டமே வழக்கம் என்பதால் எம்.ஏ. இல்லாத ஆய்வாளர் இங்கே இன்னும் அபூர்வம். ஆனால் எம்.ஃபில். போன பள்ளம் எல்லோருக்கும் பொது.

அந்த 180 மணி நேரத்தில் என்ன நடக்கிறது? ஆய்வு நெறிமுறைகள் தாளை எடுத்துக்கொள்வோம். பல இடங்களில் அதன் எலும்புக்கூடு சமூக அறிவியலிலிருந்து வந்தது. கருதுகோள், மாதிரி எடுத்தல், வினாநிரல், புள்ளியியலின் கை-ஸ்கொயர் சோதனை. நாட்டார் வழக்காற்றியல் செய்கிறவருக்கு இதில் பாதி உதவும். புறநானூற்றில் ஆய்வு செய்கிறவர் கருதுகோள் ஒன்று வேண்டுமே என்று, "சங்க காலத்தில் போர் முக்கியத்துவம் பெற்றிருந்தது என்பது இவ்வாய்வின் கருதுகோள்" என்று எழுதுவார். ஐந்து இயலுக்குப் பிறகு அது உண்மை என்று நிரூபணமாகும். யாருக்கும் அதில் சந்தேகம் இருந்ததே இல்லை.

அறம் பற்றிய பாடம் கொஞ்சம் மேல். கருத்துத் திருட்டு என்றால் என்ன என்று முதல்முறை உட்கார்ந்து யோசிக்க வைக்கிறது. ஆனால் அங்கேயும் ஒரு வேடிக்கை. மானியக் குழுவின் 2018 விதிப்படி, ஆய்வேட்டில் 10 விழுக்காடு வரை ஒப்புமை இருந்தால் தண்டனை இல்லை. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. பொதுவாகத் தெரிந்த செய்தியோ தற்செயலான ஒற்றுமையோ தொடர்ந்து 14 சொல் வரை இருந்தால் அதைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்றும் இருக்கிறது. ஆங்கிலத்தை நினைத்து எழுதிய எண் அது. ஆங்கிலத்தில் ஐந்தாறு சொல்லில் சொல்வதைத் தமிழில் "வந்துகொண்டிருந்தவர்களுக்கும்" என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுவோம். குறளுக்கு ஏழு சீர்; சீரும் சொல்லும் ஒன்றல்ல என்றாலும், 14 சொல் என்றால் ஏறக்குறைய இரண்டு முழுக் குறள். இரண்டு குறளில் அடங்காத கருத்தா? தமிழ்த்துறை வகுப்பில் இந்த ஒரு விதியை வைத்தே ஒருமணி நேரம் பேசலாம். பேசினால் மொழியும் வரும், அறமும் வரும். நான் கேட்ட வகுப்பில் பி.பி.டி.யில் விதியைக் காட்டி, அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார்கள்.

கலைப்புலத் துறைகளுக்குக் கோர்ஸ் ஒர்க் ஆய்வகத் துறைகளைவிட அதிகம் தேவை என்பது என் கட்சி. வேதியியல் ஆய்வாளர் காலையில் ஆய்வகத்துக்குப் போனால் பக்கத்து மேசையில் சீனியர் இருப்பார். அவர் கையைப் பார்த்தே பாதி வேலை பழகிவிடும். தமிழ், வரலாறு, மெய்யியல் ஆய்வாளர் நூலகத்தில் தனியாக உட்கார்ந்திருப்பார். அவர் எப்படிப் படிக்கிறார், எந்த இடத்தில் தவறாகப் புரிந்துகொள்கிறார் என்று பார்க்க ஆளே இல்லை. இன்னொருவர் படிப்பதைப் பார்க்கும் வாய்ப்பு இருக்கிற ஒரே இடம் வகுப்பறை.

ஓர் உதாரணம். குறுந்தொகைக்குப் பழைய உரை கிடைக்கவில்லை. 1915இல் சௌரிப்பெருமாள் அரங்கன் தாமே உரை எழுதி அதை முதன்முதலாக அச்சிட்டார். 1937இல் உ.வே. சாமிநாதையர் தம் உரையோடு பதிப்பித்தார். 2010இல் ஜெர்மன் தமிழறிஞர் ஈவா வில்டன் சுவடிகளையெல்லாம் மறுபடி ஒப்பிட்டு, பாடவேறுபாடுகளோடு ஒரு செம்பதிப்பைக் கொண்டுவந்தார். மூன்று பதிப்பிலும் ஒரே பாட்டை எடுத்து, ஆளுக்கு ஒரு பிரதியாக மேசைமேல் வையுங்கள். பாட்டு நாலடி முதல் எட்டடிதான். சொல் எங்கே பிரிகிறது, எங்கே மாறுகிறது, கூற்று யாருடையது என்று யார் முடிவு செய்தது, உரைகாரர் தமக்குத் தெரியாத இடத்தை எப்படிக் கடக்கிறார்? மூன்று மணி நேரத்தில் ஒரு பாட்டு முடியாது. நான் ஆசிரியரான பிறகு இதைச் செய்துபார்த்தேன். கணக்கில் வராத வகுப்பு, சனிக்கிழமை மத்தியானம், ஆறு பேர். ஆய்வாளர் ஒருவர், கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே பகுதிநேரமாகப் பதிவு செய்திருப்பவர், இரண்டாவது வாரம் சொன்னார்: "சார், நான் பத்து வருஷமா இந்தப் பாட்டை நடத்துறேன். இது யாரோ முடிவு பண்ணின பாட்டுன்னு எனக்குத் தோணினதே இல்ல." அந்த ஒரு வாக்கியம் போதும், அது கோர்ஸ் ஒர்க்.

இதற்கு மானியக் குழுவின் விதி தடையா என்றால் இல்லை. ஆச்சரியம் அதுதான். விதியில் ஆய்வு ஆலோசனைக் குழு என்று ஒன்று இருக்கிறது. நம் ஊரில் டாக்டரல் கமிட்டி, பேச்சுவழக்கில் டி.சி. அதன் வேலைகளில் முதலாவது, ஆய்வுத் திட்டத்தைப் பரிசீலித்துத் தலைப்பை இறுதிசெய்வது. சேரும்போதே தலைப்பைக் கல்லில் வெட்டி வை என்று விதி சொல்லவில்லை. ஆனால் நடைமுறையில் விண்ணப்பப் படிவத்திலேயே தலைப்புக்கு ஒரு கட்டம் இருக்கும். பேராசிரியருக்கு எட்டு, இணைப் பேராசிரியருக்கு ஆறு, உதவிப் பேராசிரியருக்கு நான்கு ஆய்வாளர் என்று உச்சவரம்பு இருப்பதால், யாரிடம் இடம் காலியோ அவரிடம்தான் போக முடியும். அவருடைய துறைக்கு ஏற்ற மாதிரி ஒரு தலைப்பை அந்த வாரத்திலேயே செய்தாக வேண்டும். அதற்காகவே கைவசம் ஓர் அச்சு இருக்கிறது: இன்னார் நாவல்களில் பெண்ணியம், இன்ன நூலில் அறக்கருத்துகள், இன்ன இலக்கியத்தில் சமுதாயச் சிந்தனைகள். இந்திய ஆய்வேடுகளைச் சேர்த்துவைத்திருக்கும் சோத்கங்கா இணையதளத்தில் தேடிப்பாருங்கள், இந்த அச்சில் வார்த்த ஆய்வேடுகள் வரிசைகட்டி நிற்கும்.

தலைப்பு முதலிலேயே முடிவாகிவிட்டால், வகுப்பு எதைக் கற்றுக்கொடுத்தாலும் அது தலைப்புக்கு உதவுமா உதவாதா என்ற ஒரே தராசில்தான் நிறுக்கப்படும். பக்கத்துத் துறைக்காரர் நடத்துவது வீண், இன்னொரு மொழி கற்பது வீண், ஓலைச்சுவடி படிக்கப் பழகுவது வீண். என் மூன்றாம் தாள் அப்படி ஆனதற்கு நானோ என் நெறியாளரோ மட்டும் காரணமில்லை. பதில் தெரிந்த பிறகு கேள்வி கேட்கச் சொன்னால் யாரும் அப்படித்தான் கேட்பார்கள்.

காசு விஷயத்தையும் தள்ளிவிட முடியாது. ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தவருக்கு 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000. கிடைக்காதவர் சுயநிதிக் கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் படிக்கிறார். தமிழ்த்துறைகளில் அவர்கள்தான் நிறையப் பேர். அவர்களிடம் போய், இரண்டு வருடம் மேசையைச் சுற்றி உட்கார்ந்து மெக்சிகோ நிலவரி படியுங்கள் என்றால் அடிக்க வருவார்கள், வர வேண்டியதும்தான். வேலையில் நிலைக்கவும் பட்டம் தேவைப்படுகிறது. பல்கலைக்கழகத் துறைகளில் உதவிப் பேராசிரியராகச் சேர பிஎச்.டி. கட்டாயம் என்று 2018இல் விதித்தார்கள், 2021லிருந்து என்றார்கள், 2023க்குத் தள்ளினார்கள், 2023 ஜூலையில் கட்டாயமில்லை என்று எடுத்துவிட்டார்கள். அதற்குள் பயந்துபோய்ப் பதிவு செய்தவர்கள் பாதி வழியில் நிற்கிறார்கள். அவர்களுக்குக் கோர்ஸ் ஒர்க் என்பது லீவு போட வேண்டிய மூன்று நாள்.

எனவே அமெரிக்க முறையைப் பெயர்த்துக்கொண்டு வருவது பேச்சுக்கு உதவாது. இருக்கிற 12 கிரெடிட்டுக்குள் ஒரு சிறு மாற்றம் போதும் என்று எனக்குப் படுகிறது: பதிவின்போது புலத்தை மட்டும் எழுதுவது, தலைப்பை கோர்ஸ் ஒர்க் முடிந்த பிறகு டி.சி. முன் வைப்பது. மூன்றாம் தாளுக்கு எழுத்துத் தேர்வுக்குப் பதில், அந்த ஒரு வருடத்தில் தலைப்பு எப்படி உருவானது என்று ஒரு கட்டுரை. விதி இதைத் தடுக்கவில்லை. சில பல்கலைக்கழகப் படிவங்களில் ஒரு கட்டத்தை நீக்கினால் ஆயிற்று.

சொல்வது சுலபம். என்னிடம் இப்போது முதல் வருடத்தில் இருக்கும் ஒரு மாணவி, குறுந்தொகையில் மகளிர் உளவியல் என்ற தலைப்போடு வந்தார். சனிக்கிழமை வகுப்பில் ஏழெட்டு வாரம் உட்கார்ந்த பிறகு, தலைவி என்ன நினைத்தாள் என்பதைவிட, 1915இலும் 1937இலும் உரை எழுதிய இருவர் அவள் என்ன நினைத்ததாக எழுதினார்கள் என்பதுதான் தன்னைத் தூங்கவிடாமல் செய்கிறது என்கிறார். தலைப்பை மாற்றலாம் என்றேன். தலைப்பு மாற்றத்துக்கு ஒரு படிவம், ஒரு கட்டணம், டி.சி. உறுப்பினர் இருவரின் கையெழுத்து, நெறியாளரின் விளக்கக் கடிதம். எல்லாம் தயார். இதற்கிடையில் மூன்றாம் தாளின் பாடத்திட்டத்தை இந்த மாதக் கடைசிக்குள் அனுப்பச் சொல்லிச் சுற்றறிக்கை வந்துவிட்டது. பழைய தலைப்புக்குப் போட்டு அனுப்புவதா, புதிய தலைப்புக்கா என்று பிரிவு அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். கேட்ட கையோடு மாணவியிடம், எதற்கும் இரண்டையும் அஞ்சு யூனிட்டாப் போட்டு எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.